எங்கள் சத்துணவு அம்மாவுக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி

எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியின் சத்துணவு அம்மா போன மாதம் காலமானார். அவர் படுத்த படுக்கையாக இருந்த நாட்களிலும், பதினாறாம் நாள் காரியத்திலும் கூட நின்றவர்களுக்கு முன்னாள் மாணவர்கள் சார்பில் இந்த மடல்.

ராத்திரி எந்நேரம் கூப்பிட்டாலும் ஆட்டோவை எடுத்துக்கொண்டு வந்த தம்பிக்கு, முறை வைத்துப் பார்த்துக்கொண்ட தெருப் பெண்களுக்கு, பந்தலுக்கும் பாத்திரத்துக்கும் வாடகை வேண்டாம் என்று சொல்லிவிட்ட கடைக்காரர் அண்ணனுக்கு, சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் பணம் அனுப்பிய நண்பர்களுக்கு மனமார்ந்த நன்றி.

1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது வேலைக்குச் சேர்ந்தவர் அவர். அப்போது கேஸ் அடுப்பு ஏது? ஓலைக் கொட்டகையும் விறகடுப்பும்தான். மழைக்காலத்தில் ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்துபோகும். ஆனாலும் அரிசியை முறத்தில் புடைத்து, கல் பொறுக்காமல் உலையில் போட மாட்டார். அரிசியும் பருப்பும் அரசு தந்தது. அதைச் சாப்பாடாக்கியது அவர் கை. யாரும் சொல்லாமலே வீட்டு முருங்கையிலிருந்து கீரை உருவி வந்து சாம்பாரில் போடுவார்.

திங்கட்கிழமை மட்டும் முதல் கரண்டியே பெரிதாக விழும். சனி, ஞாயிறு பள்ளிக்கூடம் கிடையாது. பல வீடுகளில் பிள்ளைகளுக்கு அந்த இரண்டு நாளும் அரை வயிறுதான் என்பது அவருக்குத் தெரியும். அதைப் பற்றி ஒரு பிள்ளையிடமும் வாய் திறந்து கேட்டதில்லை. 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று வந்தபோது, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தானே உரித்து, துளி ஓடு ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துத்தான் தட்டில் வைப்பார். எந்தத் தெருப் பிள்ளையானாலும் ஒரே பந்திதான் என்பதில் கடைசி வரை உறுதியாக இருந்தார். அதற்காக அவர் கேட்ட பேச்சுகள் கொஞ்சமல்ல.

அவர் மகளும் எங்களோடுதான் உட்கார்ந்து சாப்பிட்டார். ஒரு பருக்கைகூட அவருக்குக் கூடுதலாக விழுந்ததில்லை. அக்கா, விடிந்ததும் உங்கள் அம்மாவை எங்களுக்கு விட்டுக்கொடுத்தவர் நீங்கள். உங்களுக்குத்தான் எங்கள் பெரிய நன்றி.

காரியத்தன்று முருங்கைக்கீரை சாம்பார் வைத்தவர் இப்போது பள்ளியில் சமைக்கும் அம்மா. விடுமுறை நாளில் வந்து இருநூறு பேருக்குச் சமைத்துக் கொடுத்தார். அவருக்கும் நன்றி. அப்புறம், செலவு போக மிஞ்சிய பணத்தில் மகளின் சம்மதத்தோடு பள்ளிச் சமையலறைக்கு இரண்டு பெரிய குண்டான்கள் வாங்கித் தலைமையாசிரியரிடம் ஒப்படைத்துவிட்டோம். வரவு செலவு நோட்டு ஊராட்சி அலுவலகத்தில் இருக்கிறது. பணம் தந்தவர்கள் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இப்படிக்கு,
முன்னாள் மாணவர்கள்