தவளைக்கண் காருக்கு அப்பாவின் வக்காலத்து

கிருஷ்ணகிரி
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, படி ஏறுகிறாள். கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லை. மெசேஜ் போட்டால் "வேலை இருக்குப்பா" என்று ஒரு வரி வருகிறது. வேலை இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. கடிதம் என்றால் உனக்கு நேரம் கிடைக்கும்போது படிப்பாய் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு விஷயம். பிரேக் ஆயில் அளவைப் பார்த்தாயா? மறக்காமல் பார்.

குடும்ப குரூப்பில் போட்ட உன் பழைய ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட் கார் படத்தை நீ எடுத்துவிட்டாய். ஏன் என்று கேட்கமாட்டேன். நீ எடுப்பதற்கு முன்னாலேயே என் போனில் சேமித்து வைத்துவிட்டேன். பட்டறைப் பையன்கள் அத்தனை பேருக்கும் காட்டியாகிவிட்டது. "என் பொண்ணு தன் கையால் எஞ்சினை இறக்கி ஏற்றியிருக்கிறாள்" என்று சொன்னேன். பெரிய அத்தை "தவளை மாதிரி முழிக்குது" என்று எழுதியதற்கு மட்டும் இதில் பதில் சொல்கிறேன். அதற்குக் கீழே எழுதிய இரண்டாவது வரியைப் பற்றிப் பேசமாட்டேன்.

தவளை என்று முதலில் சொன்னது அத்தை இல்லை. 1958-ல் ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட் வந்ததும் நீ இருக்கிற இங்கிலாந்துக்காரர்களே தவளைக்கண் என்றுதான் கூப்பிட்டார்கள். அமெரிக்காவில் பூச்சிக்கண். ஆனால் பானெட் மேல் துருத்திக்கொண்டு நிற்கிற அந்த விளக்குக் கண் ஏன் அங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டார்களா? அதை வரைந்த ஜெர்ரி கோக்கர் முதலில் நினைத்தது வேறு. விளக்கு இரண்டும் பானெட்டில் வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கும், இருட்டினால் எழுந்து நிற்கும். 1966-ல் லம்போர்கினி மியூராவிலும் 1977-ல் போர்ஷே 928-லும் பார்த்து உலகமே வாயைப் பிளந்ததே, அதே யோசனைதான். ஆனால் காரை உருவாக்கிய டொனால்ட் ஹீலியிடம் பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) கம்பெனி கேட்டது சாதாரண ஆள் வாங்கக்கூடிய சின்ன ஸ்போர்ட்ஸ் கார். எழுந்து படுக்கிற மெக்கானிசத்துக்குச் செலவு கூடும் என்று அதை வேண்டாம் என்றுவிட்டார்கள். விளக்கு எழுந்த நிலையிலேயே நின்றுவிட்டது.

எனக்கு அந்தக் காரில் பிடித்ததே இதுதான். அலங்காரத்துக்கு என்று அதில் ஒன்றுமே இல்லை. வெளியே கதவுக்குக் கைப்பிடி இல்லை, உள்ளே கைவிட்டுத் திறக்க வேண்டும். டிக்கிக்கு மூடி இல்லை, சீட்டுக்குப் பின்னால் நுழைந்துதான் சாமான் வைக்க வேண்டும். பின்பக்கத் தகட்டை வெட்டாமல் விட்டதால் பாடிக்கும் பலம், செலவும் மிச்சம். அப்புறம் அந்த முன்பக்கம்! இரண்டு பக்க மட்கார்டும் விளக்கும் பானெட்டும் ஒரே துண்டாகப் பின்னால் மடிந்து எழுகிறது. அம்பாசடரில் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்தே முதுகு போனவன் நான். எஞ்சின், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் எல்லாம் கண் முன்னால் இருக்கும், நின்றபடியே கை வைக்கலாம் என்றால் மெக்கானிக்குக் கோயில் மாதிரி. அதை அழகில்லை என்று சொல்கிறவர்கள் ஒரு நாளாவது ஸ்பேனர் பிடித்திருக்க வேண்டும். ஒன்று மட்டும், அந்த மூக்கு கனமானது. தலையை உள்ளே விடும்போது காற்று அடிக்கிற இடத்தில் நிற்காதே. அதைத் தாங்குகிற ஸ்டே கம்பி சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குனி.

எஞ்சினும் எனக்கு அந்நியமில்லை. நான் பிரித்து மாட்டிய அம்பாசடரில் இருந்தது 1489 சிசி பி சீரிஸ். உன்னுடையது 948 சிசி ஏ சீரிஸ். இரண்டும் பிஎம்சி வீட்டுப் பிள்ளைகள். வெறும் 43 குதிரைத்திறன்தான், ஆனால் வண்டியும் ஏறக்குறைய 660 கிலோதானே. 1959-ல் அமெரிக்காவில் செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்தில் ஸ்பிரைட்கள் தங்கள் பிரிவில் முதல் மூன்று இடத்தையும் பிடித்தன. அத்தையிடம் இதைச் சொன்னேன். "அப்படியா" என்றாள், அவ்வளவுதான்.

1961-ல் விளக்கை இரண்டு ஓரத்துக்கும் தள்ளி, முகத்தைச் சதுரமாக்கி, டிக்கிக்கு மூடி வைத்து அடுத்த மாடலை விட்டார்கள். நாலு பேருக்குப் பிடித்த முகம். அதையே எம்ஜி மிட்ஜெட் என்ற காருக்கும் கொடுத்தார்கள். நல்ல வண்டிதான், ஸ்பிரைட் என்ற பெயரில் 1971 வரை ஓடியது. ஆனால் இன்றைக்கு ஸ்பிரைட் என்றதும் எல்லோருக்கும் நினைவில் வருவது மூன்று வருடம் மட்டும் செய்த அந்தத் தவளைக்கண்தான். விலையும் அதற்குத்தான் அதிகம். உன் கோவென்ட்ரிக்குப் பக்கத்து வார்விக்கில்தான் ஹீலியின் பட்டறை இருந்தது. ஒரு லீவு நாளில் அந்த ஊருக்கு ஓட்டிக்கொண்டு போய் வா. தனியாகப் போகாதே.

முன்னால் எடுப்பாக எது தெரிந்தாலும் நம் ஆட்கள் பார்த்ததும் வாய்விட்டுச் சொல்லிவிடுவார்கள். பாலக்கோட்டில் இருந்து வந்தவர்களும் அப்படித்தான். அவர்களுக்கு நான் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். அது முடிந்த பேச்சு, இனி இந்த வீட்டில் யாரும் எடுக்கமாட்டார்கள், அத்தை உட்பட.

ஒரு வார்த்தை சொல்லாமல் காரை வாங்கியதில் எனக்கு வருத்தம்தான். சொல்லியிருந்தால் துரு எங்கே பிடிக்கும் என்று முதலிலேயே சொல்லியிருப்பேன். அதை விற்கப் போகிறாயோ என்று அம்மா கேட்கிறாள். யாரோ சொன்னதற்காக விற்காதே. பணத்துக்காக என்றால் சொல், அப்பா இருக்கிறேன். படத்தைத் திரும்பப் போட்டால் நான் முதல் ஆளாகப் பதில் எழுதுவேன்.

சரி, பிரேக். நாலு சக்கரமும் டிரம். பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் கூடு பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒன்றேதான். பிரேக் லைன் ஒரே சர்க்யூட், எங்கே ஒழுகினாலும் நாலு சக்கரத்துக்கும் போய்விடும். பெடல் கொஞ்சம் மெத்தென்று இறங்கினாலும் வண்டியை எடுக்காதே. ஹேண்ட் பிரேக் கேபிளையும் பார்த்து வை, மிஞ்சினால் அது ஒன்றுதான் உதவும். சீட் பெல்ட் மாட்டியிருக்கிறாயா என்று படத்தில் தெரியவில்லை. மாட்டவில்லை என்றால் மாட்டும்வரை ஓட்டாதே.

அங்கே குளிர்காலத்தில் ரோட்டில் உப்பு போடுவார்கள் அல்லவா? பின்பக்க ஸ்பிரிங் பாடியில் பிடிக்கிற இடம்தான் முதலில் அரிக்கும். டார்ச் அடித்து, அடியில் படுத்து, இரண்டு பக்கமும் படம் எடுத்து எனக்குத் தனியாக அனுப்பு. குரூப்பில் வேண்டாம். ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார், உள்ளே போனால் வெல்டிங் வேண்டும். வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் போகாதே, ஸ்டாண்ட் கொடு.

ஸ்பிரிங் படம் வந்ததும் கூப்பிடுகிறேன். எடு.

அன்புடன்
அப்பா