வள்ளிக்கு, சாம்பல் மூடிக் குழாயைப் பற்றி

கும்பகோணம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள வள்ளிக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. பேத்திக்குக் காது குத்தியபோது அவள் அழாமல் ஆசாரியையே முறைத்துக்கொண்டிருந்தாள் என்று எழுதியிருந்ததைப் படித்து வீடே சிரித்தது. இங்கே எல்லோரும் நலம். கொல்லை நாரத்தை இந்த ஆண்டுதான் முதன்முதலாகக் காய்த்தது. உனக்கென்று ஒரு ஜாடி ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறேன்.

கடைசிப் பக்கத்தை மட்டும் நான்கு முறை படித்தேன். வீட்டுக் கருவியில் காலையில் 134. அன்றே ஆய்வகத்தில் வெறும் வயிற்றில் 117. மூன்று மாதச் சராசரி 6.6. "மூன்றும் மூன்று விதமாகப் பேசுகின்றன, எனக்குச் சர்க்கரை இருக்கிறதா இல்லையா, நீயே சொல்" என்று கேட்டிருக்கிறாய். அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆய்வகத்தில் நின்றவள் என்ற முறையில் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். வீட்டுக்கு வந்த அந்தத் தம்பி உன் இரத்தத்தை எந்த நிற மூடி போட்ட குழாயில் எடுத்தார்? எடுத்த பிறகு அந்தக் குழாய் எவ்வளவு நேரம் அவர் பையில் கிடந்தது?

1984-இல் தஞ்சாவூரில் நாம் பயிற்சியில் இருந்தபோது இதையெல்லாம் யாரும் அழுத்திச் சொல்லவில்லை. நமக்குத் தெரிந்தது பெனடிக்ட் கரைசல். 5 மில்லி நீலக் கரைசல், 8 சொட்டுச் சிறுநீர், ஸ்பிரிட் விளக்கு. நீலம் மாறாவிட்டால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் செங்கல் நிறம். ஒரு நாள் உன் அப்பா ஒரு சின்ன பாட்டிலோடு வந்து வாசலில் தயங்கி நின்றார். நீ குழாயைப் பிடித்திருந்தாய், நான் விளக்கைப் பிடித்திருந்தேன். கொதி வந்ததும் இடையில் ஒரு நிறமும் காட்டாமல் நேரே செங்கல் நிறத்துக்குப் போனது. உன் கை நடுங்கியதை இன்றும் மறக்க முடியவில்லை. இரத்தத்தில் சர்க்கரை ஏறக்குறைய 180-ஐத் தாண்டினால்தான் சிறுநீரகம் அதை வெளியே விடும். அதற்கு முன் எத்தனை ஆண்டுகள் அவர் உடம்பில் நோய் இருந்திருந்தாலும், நம் நீலக் கரைசல் நீலமாகவேதான் இருந்திருக்கும். அவர் மகள் என்பதால்தான் உன் எண்களை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

குழாய்க்கு வருகிறேன். உடம்பைவிட்டு வெளியே வந்த பிறகும் இரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. பசிக்கு அவை அங்கே இருக்கும் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரணக் குழாயில் பிரிக்காமல் வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம்வரை குறையும், நம் ஊர் வெயிலில் இன்னும் வேகமாக. அதைத் தடுக்கத்தான் சாம்பல் நிற மூடிக் குழாயில் சோடியம் ஃபுளோரைடு போட்டிருக்கிறார்கள். அதுவும் உடனே வேலை செய்துவிடாது. சர்க்கரையை உடைக்கும் தொடரில் கடைசிப் படிகளில் ஒன்றைத்தான் அது அடைக்கிறது. மேல்படிகள் நிற்கும்வரை, முதல் ஒன்றிரண்டு மணி நேரம், அளவு இறங்கத்தான் செய்யும். ஆகவே குழாய் எந்த நிறமானாலும் சீக்கிரம் சுழற்றி, அணுக்கள் நீங்கிய நீர்ப்பகுதியான பிளாஸ்மாவைப் பிரித்துவிட வேண்டும், இல்லையென்றால் பனிக்கட்டியில் வைக்க வேண்டும்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் என் தம்பி. உனக்கு இதுவரை முழுதாகச் சொன்னதில்லை. 2014-இல் அவன் ஊரில் ஒரு முகாம் நடந்தது. காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்தான். ஃபுளோரைடு இல்லாத சிவப்பு மூடிக் குழாய், பனிக்கட்டி இல்லாத பெட்டி. பெட்டி நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நண்பகல் தாண்டிவிட்டது. 104 என்று தாளில் வந்தது. "அக்கா, எனக்கு ஒன்றுமில்லை" என்று மகிழ்ச்சியாகத் தொலைபேசியில் சொன்னான். நானும் மகிழ்ந்தேன். எந்தக் குழாய் என்று கேட்கத் தோன்றவில்லை. ஐந்து மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால், எடுத்த நேரத்தில் அது 140-ஐ ஒட்டி இருந்திருக்க வேண்டும். 126-ஐத் தொட்டாலே நோய் என்று சந்தேகித்து மறுபடி சோதிப்பார்கள். இரண்டரை ஆண்டு கழித்துக் காலில் ஆறாத புண்ணோடு வந்தான். வலது கால் சுண்டுவிரல் போய்விட்டது. அந்த முகாமில் வேலை செய்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஒரு குழாய், அரைக் கிலோ பனிக்கட்டி, அவ்வளவுதான் குறை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு எரிகிறது.

அதனால் உன் 117 உண்மையில் 117-தானா என்று தெரியாமல் நான் அமைதியாக இருக்க மாட்டேன்.

வீட்டுக் கருவியின் 134-ஐயும் அப்படியே எடுத்துக்கொள்ளாதே. அதன் தரவிதியே, 100-க்கு மேல் போனால் 15 சதவீதம் அப்படியோ இப்படியோ இருக்க இடம் தருகிறது. 117 என்ற இரத்தத்துக்கு 134 காட்டினால்கூட அது விதிக்குள்தான். அன்று காலை பேரனுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துவிட்டு வந்து குத்திக்கொண்டதாக எழுதியிருக்கிறாய். சோப்புப் போட்டுக் கை கழுவினாயா? பழச்சாறு பட்ட விரல் என்றால் அந்தத் துளியில் ஆரஞ்சின் சர்க்கரையும் சேர்ந்திருக்கும். இன்று கூடியதா குறைந்ததா என்று அன்றாடம் பார்க்க அந்தக் கருவி மிக நல்லது. நோய் உண்டா என்று தீர்ப்புச் சொல்ல அது போதாது.

இனி 6.6. பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்பிருந்தே சோற்றைக் குறைத்தேன் என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வாரம் இந்த எண்ணை அதிகம் அசைக்காது. சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது. அந்த நாட்களில் இரத்தத்தில் மிதந்த சர்க்கரை ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது, எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதே இந்தச் சராசரி. சர்க்கரை நோயாளிகளிடம் இந்த ஹீமோகுளோபின் கூடுதலாக இருப்பதை 1968-இல் தெஹ்ரானில் சாமுவேல் ரஹ்பார் கண்டறிந்து எழுதினார். நாம் படித்தபோது அவர் பெயரே காதில் விழவில்லை. 6.5-ம் அதற்கு மேலும் நோயின் எல்லை. எல்லையைத் தாண்டிவிட்டாய் என்றுதானே பார்த்தவுடன் தோன்றும்?

ஆனால் அதே அறிக்கையின் அடியில் ஹீமோகுளோபின் 9.2, இரும்புச்சத்துக் குறைவு என்று இருக்கிறது. இரும்பு குறைந்த உடம்பில் புதிய அணுக்கள் மெதுவாகத்தான் பிறக்கும். பழைய அணுக்களின் பங்கு கூடும், அவற்றில் சர்க்கரை அதிகம் ஒட்டியிருக்கும். எனவே 6.6 சற்று மிகையாக இருக்கலாம். இரும்பு மாத்திரை தொடங்கிவிட்டாய் என்கிறாய். இரண்டு மூன்று மாதத்தில் புது அணுக்கள் பெருகி இந்த எண் தானாகவே இறங்கும். அப்போது சர்க்கரை குறைந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மாதவிலக்கு நின்று பல ஆண்டுகள் ஆன நமக்கு இரத்தம் சும்மா குறையாது. எங்கே கசிகிறது என்று மருத்துவரிடம் கேள். மாத்திரையை வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிடாதே.

ஆக, மூன்று எண்ணிலும் ஒவ்வொரு ஓட்டை இருக்கிறது. அடிக்கடி சிறுநீர், அதிகத் தாகம் எதுவும் இல்லாத ஒருவருக்கு ஒரே எண்ணை வைத்து முடிவுகட்டக் கூடாது. உன் மருத்துவரிடம் 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனை செய்யலாமா என்று கேட்டுப் பார். வெறும் வயிற்றில் ஒருமுறை எடுத்து, குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து ஐந்து நிமிடத்துக்குள் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி எடுப்பார்கள். இரண்டாவது 200-ஐத் தொட்டால் நோய், 140-க்குக் கீழே என்றால் நல்லது, இடையில் என்றால் இனி வரக்கூடும் என்ற எச்சரிக்கை. அதற்கு முந்தைய மூன்று நாளும் வழக்கம்போல் சோறு சாப்பிட வேண்டும். பட்டினி போட்டுவிட்டுப் போனால் முடிவு தவறாகக் கூடிவிடும். வழக்கத்துக்கு மாறாக, பரிசோதனைக்காகவே நீ சாப்பிட வேண்டிய நாட்கள் இவை. அந்த இரண்டு மணி நேரமும் நடக்கக் கூடாது, உட்கார்ந்தே இருக்க வேண்டும். குமட்டினால் எலுமிச்சை பிழிந்து தரச் சொல்.

வீட்டுக்கு ஆள் வர வேண்டாம், ஆய்வகத்துக்கே போ. இரத்தம் எடுக்கும் பெண்ணிடம், "சாம்பல் மூடிதானே? எப்போது பிரிப்பீர்கள்?" என்று கேள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள். என்னிடம் யாராவது அப்படிக் கேட்டிருந்தால் நான் அவரை உட்காரவைத்துக் காப்பி கொடுத்திருப்பேன்.

இல்லையென்றால் இப்படிச் செய்வோம். அடுத்த மாதம் 12-ஆம் தேதி நான் கோவை ரயிலில் வருகிறேன். 14-ஆம் தேதிக்கு நேரம் வாங்கி வை. நானும் கூட வருகிறேன். குழாயை நானே பார்த்துக்கொள்கிறேன். இரண்டு மணி நேரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பேச நமக்கு என்னென்னவோ இருக்கிறது. ஊறுகாய் ஜாடியை மட்டும் அன்று திறக்க விட மாட்டேன், மறுநாள்தான்.

அன்புடன்,
உன் செல்லம்மாள்