திரையைப் படம் பிடிப்பது பற்றி மாப்பிள்ளைக்கு

சென்னிமலை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லாரும் நலம். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டார்கள் என்று பேப்பரில் படித்ததோடு சரி, எங்கள் கொப்பு வாய்க்காலுக்கு அது வந்து சேர்ந்தால்தான் நிச்சயம். நீ கோபிக்காரன். கொடிவேரித் தண்ணீரில் தடப்பள்ளி வாய்க்கால் ஓரம் உட்கார்ந்திருக்கிறாய், இந்தக் கவலையெல்லாம் உனக்கு எங்கே தெரியப்போகிறது? அம்மணிக்குக் கோயமுத்தூரில் வேலை நிலைத்துவிட்டது என்று எழுதியிருந்தாய். வீட்டில் படித்துக் காட்டினேன், எல்லாருக்கும் சந்தோஷம்.

இனி உன் புத்தகத்துக்கு வருகிறேன். பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று இவற்றை இணையத்தில் எடுப்பது எப்படி என்று ஊர்க்காரர்களுக்குப் படத்தோடு விளக்கிச் சிறுபுத்தகம் போடுகிறாய். வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு செய்த உருப்படியான காரியம் இதுதான் என்பேன். ஆனால் நீ அனுப்பிய படங்களைப் பார்த்ததும் எனக்குத் தலைவலி வந்துவிட்டது. கணினித் திரைக்கு முன்னால் கைப்பேசியைப் பிடித்துப் போட்டோ எடுத்திருக்கிறாய். அதில் வானவில் போல நெளிந்து ஓடும் வரிகளுக்குத் திரை மட்டும் காரணமில்லை. திரையிலும் புள்ளிக் கட்டம், கேமராவுக்குள்ளும் புள்ளிக் கட்டம். மெல்லிய துணிகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று போட்டு லேசாகத் திருப்பினால் அலை அலையாகத் தெரியுமே, அதுதான் இங்கும் நடக்கிறது. எவ்வளவு நல்ல கைப்பேசி வாங்கினாலும் இது போகாது. திரையைக் கணினியே படம் பிடிக்க வேண்டும்.

அதற்கு விண்டோஸில் ஏற்பாடு உள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் சாவி, ஷிப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரை மங்கும். வேண்டிய இடத்தை மட்டும் எலியால் இழுத்துக் கட்டம் போட்டு எடுத்துக்கொள்ளலாம். ஆல்ட்டோடு பிரின்ட் ஸ்கிரீனை அழுத்தினால் முன்னால் திறந்திருக்கும் ஜன்னல் மட்டும் வரும். விண்டோஸ் சாவியோடு அழுத்தினால் முழுத் திரையும் பிக்சர்ஸ் கோப்புறையில் தானாகச் சேமிக்கப்படும். விண்டோஸுக்கு முந்திய டாஸ் காலத்தில் பிரின்ட் ஸ்கிரீன் சாவியைத் தட்டினால் திரையில் இருந்த எழுத்து உண்மையிலேயே பிரிண்டரில் அச்சாகி வெளியே வரும். பெயர் அப்படியே தங்கிவிட்டது.

உன் வேலைக்கு இது மட்டும் போதாது. கிரீன்ஷாட் என்ற இலவச மென்பொருளை விண்டோஸில் போட்டுக்கொள். ஷேர்எக்ஸ் என்று இன்னொன்றும் இருக்கிறது. அதுவும் இலவசம், வசதிகளும் மிக அதிகம். ஆனால் அதன் பட்டியல்களைப் பார்த்தால் நீ மூடி வைத்துவிடுவாய், எனக்கு உன்னைத் தெரியும். கிரீன்ஷாட்டில் பிரின்ட் ஸ்கிரீனை அழுத்தினால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு வரும், பக்கத்தில் ஒரு பூதக்கண்ணாடியும் தெரியும். எந்தப் புள்ளியில் கட்டம் தொடங்குகிறது என்பதை அதில் பார்த்து வைக்கலாம். எலி நடுங்கினால் அம்புச் சாவிகளால் நகர்த்து.

அதைவிட எனக்குப் பிடித்தது ஷிப்டோடு பிரின்ட் ஸ்கிரீன். முன்பு எடுத்த அதே கட்டத்தை, அதே இடத்தில், அதே அளவில் மறுபடியும் எடுத்துக் கொடுக்கும். மாவட்டம், வட்டம், கிராமம் என்று படிப்படியாகத் தேர்வு செய்வதைக் காட்டப் போகிறாய் அல்லவா? ஒவ்வொரு படமும் ஒவ்வொரு அளவில் இருந்தால் படிப்பவர் கண் ஒவ்வொரு முறையும் புதிதாக இடம் தேட வேண்டியிருக்கும். எல்லாம் ஒரே சட்டத்தில் இருந்தால், எது மாறியதோ அது மட்டும்தான் கண்ணில் படும். கணினி வழிகாட்டிப் புத்தகங்கள் பலவும் சறுக்குவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். அம்பும் வட்டமும் போட்டுத் தள்ளுவார்கள், சட்டத்தை மட்டும் கவனிக்கமாட்டார்கள்.

கிராமப் பட்டியலை விரித்து வைத்துவிட்டு ஷிப்ட் சாவியைத் தொட்டதும் பட்டியல் சுருங்கிக்கொள்கிறது என்று அலுத்துக்கொண்டிருந்தாய். விண்டோஸிலேயே இருக்கும் ஸ்னிப்பிங் டூலைத் திறந்து, தாமதம் என்ற இடத்தில் 5 விநாடி வைத்துக்கொள். அதற்குள் பட்டியலை விரித்துவிட்டுக் கையை எடுத்துவிடு, நேரம் வந்ததும் திரை அப்படியே உறைந்து நிற்கும்.

இப்போது முக்கியமான விஷயம். அச்சகத்தில் 300 டிபிஐ வேண்டும் என்றார்களாம், நீயும் ஒரு பையனைப் பிடித்து அந்த எண்ணை மாற்றிக் கொடுத்தாயாம். கோப்பில் 96 என்று இருந்ததை 300 என்று திருத்தினால் படத்தில் ஒரு புள்ளிகூட அதிகமாகாது. அந்த எண், ஓர் அங்குலத்துக்குள் எத்தனை புள்ளிகளை அடைத்து அச்சிட வேண்டும் என்ற குறிப்பு, அவ்வளவுதான். உன் மடிக்கணினியின் திரை 1366-க்கு 768. முழு அகலத்தையும் எடுத்தாலே அங்குலத்துக்கு 300 வீதம் நாலரை அங்குலத்துக்குத்தான் வரும். நீ எடுப்பதோ பட்டா விவரம் இருக்கும் நடுப்பகுதி மட்டும். அது 600 புள்ளி அகலம் என்று வை, அச்சில் இரண்டே அங்குலம். பக்க அகலத்துக்கு இழுத்தால் எழுத்து பஞ்சு பஞ்சாகிவிடும்.

அதனால் பெரிதாக்குவதைப் படம் எடுப்பதற்கு முன்பே செய்துவிடு. பிரவுசரில் கன்ட்ரோலையும் கூட்டல் குறியையும் அழுத்தி 200 விழுக்காட்டுக்குக் கொண்டு போ. எழுத்தைப் பிரவுசர் புதிதாக வரையும், ஒவ்வொரு வளைவும் கூர்மையாக வரும். அதே 600 இப்போது 1200 ஆகிவிட்டது, அச்சில் நான்கு அங்குலம். நல்ல ஸ்கிரீன்ஷாட் எடுப்பதில் பாதிக்கு மேல் இதுதான். சில தளங்களில் இவ்வளவு பெரிதாக்கினால் பக்கத்தின் அமைப்பே மாறி, கைப்பேசியில் தெரிவதுபோல் ஒற்றை வரிசையாகிவிடும். அப்படியானால் 150-ல் நிறுத்திக்கொள், பக்கத்தில் படத்தைக் கொஞ்சம் சிறிதாகவே போடு. ஒன்றும் குறைந்துவிடாது.

அம்மணி ஊருக்கு வரும்போது அவளுடைய மேக் கணினியையும் கொண்டுவரச் சொல். அதன் ரெட்டினா திரையில் புள்ளிகள் நெருக்கம், எடுக்கும் படமும் அந்த நெருக்கத்தோடே வரும். ஷிப்ட், கமாண்ட், 4 அழுத்திக் கட்டம் இழுக்க வேண்டும். இழுக்கும்போதே இடைவெளிச் சாவியைப் பிடித்தால் கட்டம் அப்படியே நகரும். இழுப்பதற்கு முன் அதையே ஒருமுறை தட்டினால் ஒரு ஜன்னலை மட்டும் எடுக்கலாம். ஆனால் சுற்றிலும் நிழல் சேர்ந்து வரும், ஆப்ஷன் சாவியைப் பிடித்தபடி சொடுக்கினால் நிழல் வராது. அச்சில் அந்த நிழல் அழுக்குப் போலத் தெரியும், வேண்டாம்.

எடுத்த படத்தை எப்போதும் பி.என்.ஜி. ஆகவே வைத்துக்கொள், அந்தக் கோப்பு வகை ஒரு புள்ளியையும் இழக்காமல் சேமிக்கும். ஜேபெக் போட்டோக்களுக்காக வந்தது. படத்தை 8-க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, கண் கவனிக்காது என்று கருதுவதை விட்டுவிடும். நிறத்தில் பெரும்பாலும் இன்னும் கை வைக்கும். தோட்டத்துப் போட்டோவில் அது தெரியாது. வெள்ளைமேல் கறுப்பு எழுத்து என்றால் ஓரமெல்லாம் புகையும். தமிழுக்கு இதில் தொல்லை அதிகம். மெய்யெழுத்தின் புள்ளி திரையில் இரண்டு மூன்று பிக்சல்தான் (திரைப் புள்ளி), சுருக்கத்தில் முதலில் காணாமல் போவது அதுதான். பெயரும் சர்வே எண்ணும் இருக்கிற படத்தில் புள்ளி போனால் படிப்பவர் நம்பிக்கையும் போகும்.

இது எனக்குத் தினமும் படும் பாடு. படுக்கை விரிப்புக்கு ஜக்கார்டு டிசைன் போடும்போது, கோப்பில் குறுக்கே ஒரு புள்ளி ஒரு ஹூக் (பாவு நூலைத் தூக்கும் கொக்கி), நெடுக்கே ஒரு புள்ளி ஓர் ஊடை (குறுக்கு நூல்). புள்ளிக்குப் புள்ளி அப்படியே தறிக்குப் போகிறது. யாராவது நாலு நிற டிசைனைத் திரையில் பார்த்து, ஜேபெக்காக வாட்ஸ்அப்பில் அனுப்பி வைப்பார்கள். இங்கே திறந்தால் நாலு நிறம் நூற்றுக்கணக்கான சாயல்களாகக் கலங்கி இருக்கும். உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டும். அதனால்தான் படத்தை எடுத்த பிறகு அளவை மாற்றாதே என்று அடித்துச் சொல்கிறேன். 110, 130 விழுக்காடு என்று அரைகுறையாக இழுத்தால் ஒரு புள்ளி பக்கத்துப் புள்ளியோடு குழையும். பெரிதாக்கியே ஆக வேண்டும் என்றால் சரியாக இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று முழு எண்ணில் போகச் சொல். போட்டோஷாப்பில் நியரஸ்ட் நெய்பர் என்ற முறையைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு மடங்கில் ஒரு புள்ளி நாலு புள்ளியாகும், கலங்காது.

எனக்கு அனுப்புவதானாலும் அச்சகத்துக்கு அனுப்புவதானாலும் வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாதே, டாக்குமென்டாக அனுப்பு, சுருங்காமல் வரும். நீ புத்தகத்தை வேர்டில் அடிக்கிறாய். அதுவும் சேமிக்கும்போது சொல்லாமல் கொள்ளாமல் படங்களைக் குறைத்துவிடும், பல பதிப்புகளில் வழக்கமான அமைப்பு அங்குலத்துக்கு 220 புள்ளி. ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு பகுதியில், படங்களைச் சுருக்காதே என்ற பெட்டியில் முதலில் டிக் போட்டுவிடு. எதற்கும் அசல் படங்களைத் தனிக் கோப்புறையில் வைத்து, அதையே அச்சகத்திடம் கொடு.

பட்டாவில் இருக்கும் பெயர்களை மறைக்கப் போகிறேன் என்றாய். கட்டாயம் மறை. உன் சொந்தக் காட்டுப் பட்டாவைப் போட்டாலும், கூட்டுப் பட்டாவில் பங்காளிகள் பெயர் இருக்குமே, அவர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆனால் மறைக்கும் விதம் முக்கியம். மொசைக் போல மங்கலாக்குவது பாதுகாப்பில்லை, எழுத்தையும் எண்ணையும் அதிலிருந்து ஊகித்து மீட்க வழிகள் இருக்கின்றன. கைப்பேசியில் கறுப்புப் பேனாவால் தேய்ப்பதும் அப்படித்தான், அந்தப் பேனா லேசாக ஒளி புகுவதாக இருந்தால் வெளிச்சத்தைக் கூட்டினாலே அடியில் இருப்பது தெரிந்துவிடும். வேர்டில் படத்தின்மேல் கறுப்புப் பெட்டி வைத்தால் யார் வேண்டுமானாலும் அதை நகர்த்திப் பார்க்கலாம். படத்துக்குள்ளேயே, முழுக் கறுப்பில் நிரப்பிய கட்டம் போட்டுச் சேமிக்க வேண்டும்.

வெட்டி எடுப்பதிலும் ஒரு கதை இருக்கிறது. கூகுளின் பிக்சல் கைப்பேசிகளில் வெட்டிச் சேமித்த ஸ்கிரீன்ஷாட்டுகளில், வெட்டிப்போட்ட பகுதி கோப்பின் வாலில் ஒட்டிக்கொண்டே இருந்தது 2023-ல் வெளியே வந்தது. விண்டோஸ் ஸ்னிப்பிங் டூலிலும் அதே கோளாறு இருந்தது. பழைய கோப்பின்மேல் சிறிய கோப்பை எழுதும்போது மிச்சத்தை அழிக்காமல் விட்டிருந்தார்கள். சரிசெய்துவிட்டார்கள்தான். இருந்தாலும், வேண்டாத பகுதியைக் கட்டத்துக்குள் எடுக்காமலே விடுவதுதான் என் வழக்கம். எடுக்காததை யாரும் மீட்க முடியாது.

வங்கிச் செயலியில் பணம் கட்டும் பக்கம் கறுப்பாகவே வருகிறது என்று எழுதியிருந்தாய். அது கோளாறு இல்லை, அந்தச் செயலியே படம் எடுப்பதைத் தடுத்து வைத்திருக்கிறது. நல்லதுக்குத்தான். அந்தப் பக்கத்தைப் புத்தகத்தில் போடாதே, இரண்டு வரியில் எழுதிவிடு.

அட்டையைப் பற்றிக் கேட்டிருந்தாய். எனக்கு அதில் அபிப்பிராயம் கிடையாது, பச்சை மட்டும் வேண்டாம்.

அச்சகத்தில் இரண்டு விஷயம் கேட்டு எழுது. பக்கத்தில் எழுத்து ஓடும் அகலம் எத்தனை அங்குலம், உள்பக்கம் ஒற்றை நிறமா பல நிறமா. ஒற்றை நிறம் என்றால் சிவப்பு வட்டமும் நீலப் பட்டனும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகிவிடும், குறியீடுகளைக் கறுப்பில் தடிமனாகப் போட வேண்டியிருக்கும். அகலம் தெரிந்தால் எத்தனை விழுக்காடு பெரிதாக்கி எடுப்பது என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிடுகிறேன். அதற்குள் கிராமப் பட்டியல் பக்கத்தை மட்டும் 200-லும் 150-லும் எடுத்து டாக்குமென்டாக அனுப்பு. வீட்டில் தங்கச்சியையும் அம்மணியையும் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் மாப்பிள்ளை