டேங்க்குக்கும் மூச்சு விட வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டீசல் பிக்கப்புக்கு வீட்டிலேயே கூடுதல் டேங்க் செய்துகொள்வது பற்றி உங்கள் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். எத்தனை லிட்டர் பிடிக்கும், எவ்வளவு தூரம் கூடுதலாக ஓடலாம், தகடு எவ்வளவு கனம் இருக்க வேண்டும் எல்லாம் இருந்தது. காற்றைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. டேங்க்குக்குள் காற்று எப்படிப் போகும், எப்படி வெளியே வரும் என்பதைச் சொல்லாமல் டேங்க் செய்யச் சொல்லிக்கொடுத்திருக்கிறார் எழுதியவர். நானும் இதையெல்லாம் என் கையாலேயே செய்தவன், செய்ததில் பாதியை அப்புறம் என் கையாலேயே பிரித்துப் போட்டவன். அதனால் செய்யாதீர்கள் என்று யாருக்கும் உபதேசம் பண்ண வரவில்லை.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். வண்டியோடு வந்த டேங்க் போதவில்லை என்று, பின்பக்கம் கேபினை ஒட்டி 100 லிட்டர் டேங்க் ஒன்று வைத்தேன். அதிலிருந்து ஒரு ஹோஸை இறக்கி, எந்த டேங்க்கிலிருந்து எடுக்க வேண்டும் என்று மாற்றிக்கொள்ள ஒரு வால்வு போட்டு, எஞ்சினுக்குப் போகும் லைனில் சேர்த்தாயிற்று. மூடி மட்டும் வேறொரு டப்பாவிலிருந்து கழற்றியது, ரப்பர் வாஷரோடு இறுக்கமாக உட்காரும், வண்டி எவ்வளவு குலுங்கினாலும் ஒரு சொட்டு சிந்தாது. அந்த மூடியைப் பார்த்துப் பார்த்து நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

முதல் நாள் நாற்பது நிமிடம் நன்றாக ஓடியது. அப்புறம் ஒரு மேட்டில் இழுவை குறைந்தது, ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் வண்டிக்கு அது உறைக்கவே இல்லை, இரண்டு தடவை உதறிவிட்டு நின்றுவிட்டது. ஃபில்டர் அடைப்பு என்று நினைத்துக் கழற்றினேன், சுத்தமாக இருந்தது. ஏர் எடுத்துவிடலாம் என்று கை பம்பை அமுக்கினால் அமுங்கியது அமுங்கியபடியே நிற்கிறது, மேலே எழும்பவே இல்லை. பத்து நிமிடம் சும்மா நின்றுவிட்டு ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது. மறுபடி அரை மணி நேரத்தில் அதே கூத்து. மூன்றாவது முறை நின்றபோது, டீசல் எவ்வளவு இருக்கிறது பார்ப்போம் என்று அந்த அருமை மூடியைத் திருகினேன். வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பியதும் 'ஸ்ஸ்ஸ்' என்று நீளமாகக் காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டது, அடுத்த நொடி டேங்க்கின் பக்கத் தகடு 'டொம்' என்று வெளியே குதித்தது. அதுவரை அது உள்ளே குழிந்திருந்ததை நான் கவனிக்கவே இல்லை.

விஷயம் இவ்வளவுதான். ஒரு லிட்டர் டீசல் வெளியே போனால் அந்த இடத்துக்கு ஒரு லிட்டர் காற்று உள்ளே வந்தாக வேண்டும். வராவிட்டால் உள்ளே வெற்றிடம் கூடிக்கொண்டே போகும், ஒரு கட்டத்தில் பம்பால் இழுக்க முடியாது. அதோடு போவதில்லை. வெளியே இருப்பதைவிட உள்ளே காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே, 60 செ.மீ.க்கு 50 செ.மீ. உள்ள ஒரு பக்கத் தகட்டின் மேல் சுமார் 300 கிலோ எடை ஏறியது போல ஆகிவிடும். வெல்டிங் ஓரங்கள் இப்படிக் குழிந்து குதித்துக் குழிந்து குதித்தே விரிசல் விடுகின்றன. இதே கணக்கைத் தலைகீழாகப் போட்டால், கசிவு பார்க்கிறேன் என்று கம்ப்ரஸர் ஹோஸைச் சொருகுகிறவர்களுக்கு என்ன நடக்கும் என்பது புரியும். வெறும் 3 பி.எஸ்.ஐ. அழுத்தம், டயரில் அடிப்பதில் பத்தில் ஒரு பங்கு, அதே தகட்டை 600 கிலோ பாரத்தோடு வெளியே தள்ளும். புது டேங்க்காக இருந்தால் தண்ணீர் நிரப்பி ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள், போதும், ஆனால் டீசல் ஊற்றுமுன் கடைசிச் சொட்டுவரை காய வைக்க வேண்டும். அடியில் தண்ணீர் தங்கினால் துரு மட்டுமா, தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் கிருமி வளர்ந்து கறுப்பாகக் கோழை மாதிரி ஃபில்டரில் வந்து அப்பிக்கொள்ளும்.

மூச்சுக்குழாயை, அதாவது பிரீதரை, டேங்க்கின் மிக உயரமான இடத்திலிருந்து எடுக்க வேண்டும். கொஞ்சம் மேலே ஏற்றி வளைத்து, வாய் கீழ்ப்பார்வையாக, சேறும் தண்ணீரும் அடிக்காத இடத்தில் விட வேண்டும். வண்டி கவிழ்ந்தால் தானாக அடைத்துக்கொள்ளும் சின்ன வால்வு ஒன்று அதில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விபத்தில் அந்தக் குழாய் வழியாகவே டீசல் முழுவதும் கொட்டிவிடும். கம்பெனி டேங்க்குகளை ஐ.நா.வின் 34-ஆம் எண் வாகன விதிப்படி சோதிக்கும்போது பக்கவாட்டிலும் தலைகீழாகவும் உருட்டித்தான் பார்க்கிறார்கள், பிளாஸ்டிக் டேங்க்காக இருந்தால் தீயில் காட்டியும் பார்க்கிறார்கள். நாம் வீட்டில் செய்வதை யாரும் உருட்டிப் பார்ப்பதில்லை. இன்னொன்று, சொன்னால் சிரிப்பீர்கள்: வண்டி சில வாரம் நின்றால் அந்தக் குழாய் வாயில் குளவி மண்கூடு கட்டிவிடும். ஒரு துண்டு வலையைக் கட்டிவிடுங்கள்.

சரி, மூடியை மாற்றிக் காற்றுக்கு வழி விட்டேன், வண்டி நிற்காமல் ஓடியது. அப்புறம்தான் இதைவிட மோசமான தப்பு வெளியே வந்தது. பெரும்பாலான டீசல் எஞ்சின்கள் எரிப்பதைவிட அதிகமாகவே டீசலை இழுத்து, மிஞ்சியதை ரிட்டர்ன் லைனில் சூடாகத் திருப்பி அனுப்பும். நான் இழுக்கும் லைனை மட்டும் புது டேங்க்குக்கு மாற்றியிருந்தேன், ரிட்டர்னைத் தொடவில்லை. அதாவது புது டேங்க்கிலிருந்து எடுத்து, ஏற்கெனவே நிரம்பியிருந்த பழைய டேங்க்கில் ஊற்றிக்கொண்டே ஓடியிருக்கிறது வண்டி. பழைய டேங்க் தாங்குமா? அதன் பிரீதர் வழியாகத் தெருவில் கொட்டியிருக்கிறது. பின்னால் பைக்கில் வந்த ஒருவர் ஹாரன் அடித்து அடித்து என்னை ஓரங்கட்ட வைத்தார். இறங்கிப் பார்த்தால், வந்த வழியெல்லாம், இரண்டு வளைவுகள் உட்பட, கயிறு போட்டது போல ஒரு பளபளப்பான கோடு. அவர் என்னைத் திட்டக்கூட இல்லை, முழங்கால் தெரியக் கிழிந்திருந்த பேன்ட்டைக் காட்டினார்.

பெட்ரோல் சிந்தினால் சீக்கிரம் ஆவியாகிவிடும். டீசல் அப்படியே படலமாகக் கிடக்கும், மழைத் தூறல் விழுந்தால் இன்னும் வழுக்கும். நாலு சக்கரத்தில் போகிற நமக்கு அது தெரியாது, இரண்டு சக்கரத்தில் வருகிறவர்தான் விழுவார். இந்தக் கடிதத்தை எழுத வைத்ததே அந்தக் கிழிந்த பேன்ட்தான்.

விளிம்புவரை நிரப்புவதும் இதே ரகம். 100 லிட்டர் டீசல் 20 டிகிரி சூடேறினால் ஒன்றரை லிட்டருக்கு மேல் விரியும். விடியற்காலை கழுத்துவரை ஊற்றிவிட்டு மத்தியானம் மூடியைச் சுற்றி ஈரமாக இருக்கிறதே என்று நானே வாஷர் மேல் பழி போட்டிருக்கிறேன். இருபதில் ஒரு பங்கு காலி இடம், அதாவது காற்றுக்கு இடம், எப்போதும் விட வேண்டும்.

காற்று போகக் கூடாத இடமும் ஒன்று உண்டு, டீசல் உறிஞ்சும் குழாய். டேங்க்கில் கால்வாசி டீசல் இருக்கும்போது வளைவில் திரும்பினால் எல்லாம் ஒரு பக்கமாக ஓடிவிடும், குழாய் வாய் வெறும் காற்றைக் குடிக்கும். கம்பெனி டேங்க்கில் அந்த வாயைச் சுற்றி ஒரு கிண்ணம் மாதிரி வைத்து, ரிட்டர்னையும் அதற்குள்ளேயே விட்டிருப்பார்கள், டேங்க் காலியாகப் போனாலும் கிண்ணம் நிரம்பியே இருக்கும். 'ஃப்ளோ கூடும்' என்று அந்தக் கிண்ணத்தையும் அடியிலுள்ள வலையையும் வெட்டி எறியும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். பழைய எஞ்சின் என்றால் கொஞ்சம் இருமிவிட்டுப் பிழைத்துக்கொள்ளும். காமன் ரெயில் எஞ்சினில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் சேர்த்து ஒரே குழாயில் டீசலை உயர் அழுத்தத்தில் தேக்கிக் கொடுக்கும் புது வகை எஞ்சினில், பம்ப் 1,600, 2,000 பார் அழுத்தத்தில் வேலை செய்கிறது, அதற்கு மசகே அந்த டீசல்தான். காற்று புகுந்தால் இரும்போடு இரும்பு உரசி, பொடி கிளம்பி, ரெயில், இன்ஜெக்டர் என்று ஒன்று விடாமல் போய்ச் சேரும். டீசல் அலைமோதாமல் இருக்க வீட்டு டேங்க்குக்குள் தடுப்புத் தகடுகள் வைக்கிறவர்கள் அவற்றின் கீழ் மூலையில் டீசலுக்கும் மேல் மூலையில் காற்றுக்கும் வழி விட மறக்க வேண்டாம். 100 லிட்டர் என்பது 84 கிலோ அளவுக்கு ஆடும் எடை.

காலி டேங்க்கில் இருக்கும் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய டேங்க்கை வெட்டி நீளமாக்கலாம் என்று கட்டுரையில் போகிற போக்கில் ஒரு வரி வருகிறது. நான் அப்படி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போனேன், இரண்டு தடவை சோப்புத் தண்ணீரில் அலசி, இரண்டு நாள் வெயிலில் காய வைத்தது. "டீசல் ஊத்துனதாண்ணே?" என்று கேட்டார் வெல்டர். காய்ந்துவிட்டது என்றேன். அவர் டேங்க்கின் வாய் வழியாகக் கையை விட்டு, தகடு மடிந்து சேரும் ஓரத்தில் விரலை ஓட்டி வெளியே எடுத்துக் காட்டினார். விரல் மினுமினுவென்று இருந்தது. "இத இங்க இறக்காதீங்கண்ணே" என்றார், அவ்வளவுதான். தீக்குச்சி போட்டாலும் டீசல் அணைத்துவிடும் என்று நாம் சொல்வதெல்லாம் குளிர்ந்த டீசலுக்கு. 55 டிகிரி பக்கம் போனாலே தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விட ஆரம்பிக்கும், வெல்டிங் சூட்டில் அது எத்தனை நொடி? மடிப்பில் ஒளிந்திருந்த நாலு சொட்டு ஆவியாகி உள்ளே இருக்கும் காற்றோடு கலந்தால் அந்த டேங்க் குண்டுதான்.

தகடு பற்றி ஒன்று மட்டும். துரு பிடிக்காது என்று ஜி.ஐ. தகட்டை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டை, சிபாரிசு செய்திருக்கிறீர்கள். அது தப்பு. துத்தநாகப் பூச்சு டீசலோடு சேர்ந்து சோப்பு மாதிரி ஒன்றாகி ஃபில்டரையும் இன்ஜெக்டரையும் அடைக்கும். உள்ளே பூச்சு இல்லாத சாதா இரும்பு, அலுமினியம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எதுவும் பரவாயில்லை. செம்புக் குழாயும் வேண்டாம், டீசலைக் கெடுக்கும். டெஃப்லான் டேப், சிலிக்கான் பேஸ்ட் இரண்டையும் டேங்க் பக்கமே கொண்டுபோகாதீர்கள், நூல் நூலாகப் பிரிந்து உள்ளே போகும். டேங்க்குக்குள் முங்கிக் கிடக்கும் ஹோஸ் அதற்கென்றே செய்ததாக இருக்க வேண்டும், சாதாரண டீசல் ஹோஸுக்கு உள்பக்கம் மட்டும்தான் டீசல் தாங்கும்.

இப்போது என் வண்டியில் கூடுதல் டேங்க் இருக்கிறது. எஞ்சின் லைனில் கையே வைக்கவில்லை. வண்டியோடு வந்த டேங்க்கில் முள் பாதிக்குக் கீழே வந்ததும் வண்டியை நிறுத்தி, கூடுதல் டேங்க்கிலிருந்து சின்ன மின்பம்பால் அதற்கு மாற்றுகிறேன், பக்கத்திலேயே நிற்கிறேன், ஒரு தடவைகூட ஃபோனை எடுப்பதில்லை. சுவிட்சைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிற வேலையெல்லாம் கிடையாது. டேங்க் வண்டிச் சட்டத்தோடு போல்ட்டில் நிற்கிறது, வெறும் தகட்டில் இல்லை.

ஆசிரியர் அவர்களே, ஜி.ஐ. தகடு பற்றித் திருத்தம் போடுங்கள். கட்டுரையோடு வந்த படத்தை எடுத்துப் பாருங்கள், டேங்க் இருக்கிறது, மூடி இருக்கிறது, இரண்டு ஹோஸ் இருக்கிறது. மேல் மூலையில் ஒரு சின்னக் குழாயை வரைந்து அதையும் மறுபடி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பிக்கப் ஓட்டுநர்