செயலாளரின் ஆண்டறிக்கை: மூய் ரிவர் வல்லூறுப் பயணங்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், ஆட்சிக் குழுவினருக்கும், பொதுக்குழுவில் கூடியுள்ள உறுப்பினர் அனைவருக்கும் பணிவான வணக்கம். தமிழ் வகுப்பு, தைப்பூசக் காவடி ஆகியவற்றின் விவரங்களைப் பொறுப்பாளர்கள் தனியே வாசிக்கவிருப்பதால், வலசை வரும் சிறு வேட்டைப் பறவைகளான அமூர் வல்லூறுகளைக் காண, தென்னாப்பிரிக்காவில் நமது குவாசுலு-நட்டால் மாகாணத்திலுள்ள மூய் ரிவர் என்னும் ஊருக்குச் சென்ற இரு பயணங்களைப் பற்றி மட்டும் இங்குக் கூறுகிறேன்.

சனவரியில் மேற்கொண்ட முதல் பயணம் நிறைவாக அமையவில்லை. வாடகைக்கு அமர்த்திய பேருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு இரண்டு மணி நேரம் தாமதமாக வந்து சேர்ந்ததால், நாங்கள் மூய் ரிவரை அடைவதற்குள் பறவைகள் மரங்களில் அடைந்துவிட்டன. இருட்டில் அவற்றின் கீச்சொலியை மட்டுமே கேட்டுத் திரும்பினோம். ஆசையோடு வந்த பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க எனக்குப் பெரும் வருத்தமாயிருந்தது.

ஆகவே மார்ச்சுத் தொடக்கத்தில், பறவைகள் வடக்கே கிளம்புமுன், மீண்டும் சென்றோம். இம்முறை நண்பகலிலேயே புறப்பட்டு, நிலத்துக்காரர் ஒருவரின் அனுமதியுடன் ஊருக்கு வெளியே உள்ள புல்மேட்டில் ஏறி நின்றோம். மேற்கே டிராகன்ஸ்பர்க் மலைத்தொடர் நீல வரையாகத் தெரிந்தது. மின்கம்பிகளில் வல்லூறுகள் வரிசையாக அமர்ந்திருந்தன. ஆண் பறவை கருஞ்சாம்பல் நிறமும் சிவந்த கால்களும் உடையது. அது சிறகை விரிக்கும்போது அடியில் பளிச்சிடும் வெண்மையை வைத்தே அதை அடையாளம் கண்டுகொள்ளலாம். பெண் பறவைக்கு வெளிறிய மார்பில் கரும்புள்ளிகளும் பட்டைகளும் உண்டு. மாடப்புறாவினும் சிறிய, ஏறத்தாழ 150 கிராமே எடையுள்ள இப்பறவை, வடகிழக்குச் சீனம், மங்கோலியப் பகுதிகளிலிருந்து இந்தியா வழியாக அரபிக்கடலைத் தாண்டி இங்கு வருகிறது என்பதை நேரில் பார்த்தபின்னும் நம்புவது எளிதன்று. 2010ஆம் ஆண்டு நமது மாகாணத்து நியூகாசில் நகரில் பத்து வல்லூறுகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தி ஆராய்ந்ததில்தான் அவற்றின் வழித்தடம் தெளிவாயிற்று.

அந்த வழியில் நாகாலாந்தின் டோயாங் நீர்த்தேக்கப் பகுதியும் உள்ளது. 2012இல் அங்கு வலைவிரித்து இப்பறவைகளைப் பெருந்திரளாகப் பிடித்துக் கொன்றார்கள். மறு ஆண்டே ஊர் மன்றத்தாரும் திருச்சபையினரும் முன்னின்று அதை அடியோடு நிறுத்தினார்கள். இச்செய்தியை மேட்டின்மேல் நின்றபடி பிள்ளைகளுக்கு எடுத்துரைத்தபோது, கம்பியில் அமர்ந்திருந்த பறவைகளை அவர்கள் மறுபடியும் அமைதியாகப் பார்த்தது என் நெஞ்சைத் தொட்டது.

மாலை ஆறு மணி கடந்ததும் எல்லாத் திசைகளிலிருந்தும் வல்லூறுகள் வந்து ஊரிலுள்ள உயரமான யூகலிப்டஸ் மரங்களின்மேல் வட்டமிடத் தொடங்கின. எண்ண முயன்றவர்கள் சில நிமிடங்களில் கைவிட்டார்கள். மரத்தடியில் வல்லூறுகள் கக்கிய சிறு உருண்டைகள் கிடந்தன. சிறுமி ஒருத்தி ஓர் உருண்டையைக் குச்சியால் பிரித்துக் காட்டினாள். உள்ளே வண்டின் ஓட்டுத் துண்டுகளும் கண்ணாடி போன்ற மெல்லிய சிறகும் இருந்தன. "இது ஈசல் றெக்கைதான்" என்றார் உடன் வந்திருந்த எழுபது கடந்த ஆயா. மழைக்குப் பின் ஈசல் பிடித்து வறுத்துத் தின்ற தம் சிறுவயது நாள்களை அவர் விவரிக்க, பிள்ளைகள் பறவையை விட்டுவிட்டு அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். வகுப்பில் சொல்லிக் கொடுத்தும் மனத்தில் நில்லாத "ஈசல்" என்ற சொல்லை அன்று எவரும் மறக்கவில்லை.

இப்பயணத்தை ஆண்டுதோறும் நடத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான தீர்மானத்தை இவ்வறிக்கையுடன் முன்மொழிகிறேன். மேலும், ஊர் நடுவே நிற்கும் அம்மரங்களை வெட்டாமல் காக்குமாறு அவ்வூர் நிர்வாகத்துக்குச் சங்கத்தின் பெயரால் கடிதம் எழுத அனுமதி வேண்டுகிறேன். நண்பகலிலேயே புறப்படும்படியும், முதியோர் மேட்டின் அடியிலிருந்தே காண மடக்கு நாற்காலிகள் எடுத்துச் செல்லும்படியும் அடுத்த பயணத்துக்கான ஏற்பாடு செய்யப்படும்.

தங்கள் பணியிலுள்ள,
செயலாளர்