ஓவியக் காட்சிக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

சென்னை கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதெமி கூடத்தில் நடந்த என் ஓவியக் காட்சி ஞாயிற்றுக்கிழமையோடு நிறைவடைந்தது. நேரில் வந்தவர்களுக்கும் ஊரிலிருந்து போனில் விசாரித்தவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. சிலரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

முதலில், கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் எனக்குப் பாடம் எடுத்த ஐயா. தஞ்சைப் பெரிய கோயிலின் உள்சுற்றில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் மறைந்திருப்பதை வரலாற்று ஆய்வாளர் எஸ்.கே. கோவிந்தசாமி 1931இல் கண்டறிந்ததை வகுப்பில் சொன்னவர் அவர்தான். வெள்ளை யானை மேல் சுந்தரர் கயிலைக்குப் போகிற காட்சி, இன்னொரு படத்துக்குக் கீழே நூற்றாண்டுக் கணக்கில் கிடந்திருக்கிறது! அது என்னை விடவே இல்லை. உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் என்கிற சைவ சித்தாந்தக் கருத்தையும் தன் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார். ஒருவர் காண்பது அவர் எதைச் சார்ந்து நிற்கிறார் என்பதைப் பொறுத்தது என்று நான் புரிந்துகொண்டேன். இந்தப் படங்கள் எல்லாம் அங்கிருந்து கிளம்பியவைதான்.

அடுத்து என் அத்தையும் அண்ணனும். இடித்துவிட்ட எங்கள் பழைய வீட்டின் முற்றத்துச் சுவர் வெளிர் நீலம் என்று அத்தை சாதிப்பார். அண்ணன் மஞ்சள் என்பான். எனக்கு அது பச்சைதான். ஒரு போட்டோகூட மிஞ்சவில்லை. யார் சொல்வது சரி என்று பார்ப்பதை விட்டுவிட்டு, மூன்று நிறத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசி, காய்ந்ததும் பேலட் கத்தியால் அங்கங்கே சுரண்டினேன். மஞ்சளுக்குள்ளிருந்து நீலம் எட்டிப் பார்த்த இடங்களில்தான் அந்தச் சுவர் எனக்குத் திரும்பக் கிடைத்தது. விட்டுக்கொடுக்காமல் வாதாடிய இருவருக்கும் என் அன்பு.

கூடத்தில் விளக்கு போட்ட தம்பிக்குத் தனி நன்றி. நேராக அடித்த வெளிச்சத்தில் சுரண்டிய தடமெல்லாம் அமுங்கிப் போயிருந்தது. யாரும் கேட்காமலே ஏணி போட்டு ஏறி, விளக்கைப் பக்கவாட்டில் திருப்பினார். அடுக்குகளின் விளிம்பில் நிழல் விழுந்ததும் படம் வேறாகிவிட்டது. இதைப் படம் வரைந்தவனுக்கு நிகரான பங்கு என்றே நினைக்கிறேன்.

சட்டம் போட்டுத் தந்த ஆசாரி அண்ணன், மழையில் ஒரு மூலைகூட நனையாமல் கொண்டுவந்து சேர்த்த வேன் ஓட்டுநர், நாள் முழுக்க வாசலில் உட்கார்ந்திருந்த கல்லூரி மாணவர்கள்: உங்கள் எல்லோருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

படம் வாங்கியவர்களுக்கு அடுத்த வாரம் கொண்டுவந்து தருகிறேன். மீதமுள்ளவை வீட்டில்தான் இருக்கும். சுரண்டிப் பார்க்கலாமா என்று கேட்ட பிள்ளைகள் சனிக்கிழமை காலையில் தாராளமாக வரலாம். பழைய பலகைகளை எடுத்து வைத்திருக்கிறேன்.

நன்றியுடன்,
உங்கள் ஓவியன்