பாப்பாவுக்கு, எட்டு மாதம் தாமதமாக ஒரு பதில்

பாப்பா,

நேற்று அம்மாவின் திதி. நீ ஃபோன் எடுக்கவில்லை, அதைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். பின்பக்க டெக்கில் காக்காவுக்குச் சோறு வைத்துவிட்டு நானும் அப்பாவும் கால் மணி நேரம் நின்றோம். காக்கா வரவில்லை. ஒரு அணில் வந்தது, இந்த ஊர் அணில்தான், பூனைக்குட்டி அளவுக்கு இருக்குமே, அது சோற்றைத் தொடாமல் வடையை மட்டும் தூக்கிக்கொண்டு வேலி மேல் உட்கார்ந்து தின்றது. "அவளுக்கும் வடைதான் முதல்ல" என்றார் அப்பா. சிரித்தோம், அப்புறம் அவர் உள்ளே போய் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டார்.

போன ஆகஸ்ட் 6ஆம் தேதி ராத்திரி நீ அனுப்பிய மெசேஜுக்குத்தான் இந்தப் பதில். "அக்கா, கான்ராட் நீதான்." அவ்வளவுதான் எழுதியிருந்தாய். ஒரு ஹார்ட் கிடையாது, சிரிக்கிற பொம்மை கிடையாது. நான் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டுப் படுத்துக்கொண்டேன். அதற்கப்புறம் நாம் பேசியதெல்லாம் அப்பாவின் சுகர், கார் இன்சூரன்ஸ் இவ்வளவுதான்.

ஏன் உனக்குத் தனியாக எழுதாமல் நாலு பேர் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன் என்று கேட்பாய். தனியாகத்தான் எழுதினேன், மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் பாதியில் சண்டை போட ஆரம்பித்துவிட்டேன். பெரியம்மா படிப்பார், அத்தை படிப்பார் என்றால் கொஞ்சம் ஒழுங்காக நடந்துகொள்வேன் என்று ஒரு நம்பிக்கை. (பெரியம்மா, சில இடங்களில் பெயர் இருக்காது. ஃபோன் பண்ணிக் கேட்காதீர்கள்.)

மற்றவர்களுக்காக மட்டும் கொஞ்சம்: இது 'தி சம்மர் ஐ டர்ன்ட் பிரிட்டி' தொடர் சம்பந்தப்பட்டது. பிரைம் வீடியோவில் 2022 ஜூனில் ஆரம்பித்து 2025 செப்டம்பர் 17 அன்று முடிந்தது, மூன்று சீசனும் சேர்த்து 26 எபிசோட். பெல்லி என்று ஒரு பெண், ஒவ்வொரு கோடைக்கும் அம்மாவின் சிநேகிதியுடைய கடற்கரை வீட்டுக்குப் போவாள், அங்கே கான்ராட், ஜெரமையா என்று இரண்டு அண்ணன் தம்பி, அவள் யாரைக் கட்டிக்கொள்வாள் என்று உலகமே இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டது. கதையில் ஊர் பெயர் கசின்ஸ் பீச், அப்படி ஓர் ஊரே கிடையாது. ஆனால் அதைப் படம்பிடித்தது இங்கே வட கரோலினாவில், வில்மிங்டன் பக்கம். ஐ-40 நெடுஞ்சாலை போய் முடிகிற இடம். ஒவ்வொரு ஜூலையும் குக்கரையும் இட்லித் தட்டையும் டிக்கியில் போட்டுக்கொண்டு நம்ம ஊர் கேரியிலிருந்து இரண்டு மணி நேரம் நாம் போவோமே, அதே பாதை.

நான் முதலில் அதைத் தனியாகப் பார்க்க ஆரம்பித்து இரண்டாவது எபிசோடோடு நிறுத்தினேன். உன்னிடம் "பணக்கார வீட்டுப் பிள்ளைகளோட காதல், எனக்கு ஒட்டலை" என்று சொன்னேன். அது பொய். பெரியவன் கான்ராட் ஃபுட்பாலை விட்டுவிட்டு, சிகரெட் பிடித்துக்கொண்டு, எல்லாரும் சிரிக்கிற இடத்தில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்கிறான். எல்லாரும் உனக்கு என்னதான் ஆச்சு என்று கேட்கிறார்கள். அவன் அம்மா சுசானாவுக்கு கேன்சர் திரும்பி வந்திருக்கிறது, சிகிச்சை வேண்டாம், கடைசியாக ஒரு நல்ல கோடை போதும் என்று அவள் இருக்கிறாள், அது அவனுக்குத் தெரியும், தம்பிக்குத் தெரியாது. இதெல்லாம் தொடர் பின்னால்தான் சொல்லும். எனக்கு இரண்டாவது எபிசோடிலேயே தெரிந்துவிட்டது. அந்த மூஞ்சியை நான் நாலு மாதம் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

அப்புறம் அந்தக் கிறிஸ்துமஸ் லீவில் நீ வந்து, முதல் சீசனை ஒரே மூச்சில் போட்டாய். கடைசி எபிசோட். அந்த டெபுடன்ட் நடன விருந்து. ஜெரமையாவுக்கு அன்றைக்குத்தான் அம்மாவின் விஷயம் தெரிகிறது, அவன் நடனத்துக்கு வரவில்லை, பெல்லி நடுக்கூடத்தில் தனியாக நிற்கிறாள், கான்ராட் இறங்கி வந்து கையை நீட்டுகிறான். ஊரே விசிலடித்த காட்சி. நீ அங்கே பாஸ் பண்ணினாய். "இவங்க ஆடறாங்க, சரி. அவன் இப்ப எங்க இருக்கான்? அவன்கிட்ட யாருமே சொல்லலைல?" என்றாய். நான் பாப்கார்ன் கிண்ணத்தைக் கழுவப் போய்விட்டேன். கிண்ணம் பாதி நிறைந்திருந்தது.

நீ ஏன் எப்போதும் ஜெரமையா கட்சி என்று அதுவரைக்கும் எனக்குப் புரியவில்லை. அவன் நன்றாகச் சிரிக்கிறான், அதனால்தான் என்று நினைத்திருந்தேன்.

மூன்றாவது சீசன் ஐந்தாவது எபிசோட் கான்ராடின் குரலிலேயே போகும். அவன் மனதுக்குள் என்ன ஓடுகிறது என்று நாம் கேட்கிறோம். அது முடிந்த ராத்திரிதான் உன் மெசேஜ். அதைத் திட்டாக எடுத்துக்கொள்வதா, சமாதானமாக எடுத்துக்கொள்வதா என்று எட்டு மாதம் யோசித்தேன். இரண்டும்தான் என்று இப்போது நினைக்கிறேன். என்னிடமும் அப்படித்தான் இரண்டும் கலந்துதான் இருக்கிறது.

முதலில் மன்னிப்பு. 2019 மே மாதம் தபால்பெட்டியில் அந்த இன்சூரன்ஸ் கடிதத்தை நான் பிரித்தேன், "இது பில் அல்ல" என்று மேலே போட்டிருக்குமே, அந்த ரகம். ஸ்கேன், பயாப்ஸி என்று வரிசையாக இருந்தது. அம்மா அடுப்படியில் நின்றுகொண்டே, "பாப்பா காலேஜ் போகட்டும். ஹாஸ்டல்ல கொண்டுபோய் விட்டுட்டு வந்து சொல்லலாம்" என்றாள். கீமோவையும் ஆகஸ்டுக்குத் தள்ளினாள். டாக்டர் கோபப்பட்டார். நானும் கோபப்பட்டேன், ஆனால் உன்னிடம் சொல்லவில்லை. நவம்பர் தேங்ஸ்கிவிங் வரைக்கும் சொல்லவில்லை. உனக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஆறு மாதத்தை எடுத்துக்கொண்டதில் எனக்கும் பங்கு உண்டு. மன்னித்துவிடு.

அம்மா சத்தியம் வாங்கினாள், அதனால்தான் என்று இத்தனை வருஷமாகச் சொல்லிவருகிறேன். அது பாதிதான். ஸ்கேனுக்கும் டெஸ்டுக்கும் நான்தானே கூட்டிக்கொண்டு போனேன். பார்க்கிங் கட்டிடத்தின் நாலாவது மாடியில் காரை நிறுத்திவிட்டு இட்லிப் பொடி தடவிய இட்லியை இரண்டு பேரும் டிபன் பாக்ஸ் மூடியில் வைத்துத் தின்போம். அவள் கல்யாணத்துக்கு முன்னால் யாரோடு சைக்கிளில் டைப்ரைட்டிங் கிளாஸ் போனாள் என்பதெல்லாம் அங்கேதான் சொன்னாள். (அப்பா, இந்தப் பத்தியை விட்டுவிடுங்கள்.) நீ பிறந்த பிறகு அம்மா எனக்கு மட்டும் கிடைத்தது அந்த நாலாவது மாடியில்தான். உன்னிடம் சொல்லியிருந்தால் நீ பின்சீட்டில் ஏறி உட்கார்ந்திருப்பாய். எனக்கு அது வேண்டாம் என்று இருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

சரி, சொல்லியாகிவிட்டது.

ஆனால் நீயும் பார்க்கவில்லை, பாப்பா. ஜூலை வெயிலில் அம்மா ஸ்வெட்டர் போட்டிருந்தாள். கடற்கரை வாடகை வீட்டில் மிளகாய் தாளித்து ஸ்மோக் அலாரம் அலறியபோது, எப்போதும் துண்டை எடுத்து நாற்காலி மேல் ஏறி விசிறுகிறவள், அன்றைக்கு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நீ சிரித்துக்கொண்டே வீடியோ எடுத்தாய். செப்டம்பரில் தலையில் ஸ்கார்ஃப் கட்டியிருந்தாள், நீ வீடியோ காலில் "புது ஸ்டைலா?" என்று கேட்டாய். தெரியாமல் இருந்தது உன் தப்பு இல்லை. கேட்காமல் இருந்தது? அதற்கும் நானே பழியை ஏற்றுக்கொள்ள வேண்டுமா? உனக்கு அந்தக் கோடை நல்ல கோடையாக இருந்தது. அதை யாரோ பிடித்துக்கொண்டு நின்றதால்தான் நன்றாக இருந்தது. எனக்கு அப்போது 23 வயது, எனக்கும் ஒரு கோடை வேண்டித்தான் இருந்தது, அதை யாரும் கேட்கவில்லை.

பார், சண்டை போட ஆரம்பித்துவிட்டேன்.

அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். நீ எப்போது கோபம் வந்தாலும் எடுக்கிற துண்டுக் கதை. கரோலினா பீச்சில் கோடை வியாழக்கிழமைகளில் போர்ட்வாக் பக்கம் வாணவேடிக்கை இருக்கும். சிநேகிதியோடு டோனட் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். அந்தச் சிநேகிதிக்கு மீசை அரும்பியிருந்தது. அலைச்சறுக்குப் பலகை வாடகைக்கு விடுகிற இடத்தில் வேலை பார்த்தாள், அதற்கு மேல் இங்கே வேண்டாம். இப்போது உன் வாழ்க்கையில் யார் இருக்கிறார் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அதை நீயே சொல்கிற அன்றைக்குச் சொல். உன் கதையை நான் அம்மாவிடமிருந்து மறைத்தேன், அம்மாவின் கதையை உன்னிடமிருந்து மறைத்தேன். நடுவில் நின்று இரண்டு பக்கமும் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்.

பதினோரு மணிக்கு மேல் பின்பக்கப் படி வழியாக வந்தாய், தலையிலிருந்து சொட்டச் சொட்ட. நான் துண்டைத் தூக்கிப் போட்டு "முதல்ல தலையைத் துவட்டு" என்றேன். நீ துண்டைப் பிடிக்கவே இல்லை, கீழே விழுந்தது. "உனக்கு என்ன, பொறாமையா? நான் சந்தோஷமா இருந்தாலே உனக்கு ஆகாதில்ல?" என்றாய். நான் பதில் சொல்லவில்லை. இப்போதும் நீ சொல்வது அதையேதான்: "எதுவும் சொல்லாமல் துண்டைத் தூக்கிப் போடுகிறவள் நீ."

நீ வருவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் நானும் அம்மாவும் அந்த வாடகை வீட்டு டெக்கில் உட்கார்ந்திருந்தோம். அப்பா உள்ளே தூங்கிவிட்டார். வெடிச் சத்தம் ஆரம்பித்ததும் அம்மா எழுந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பச்சையாக ஒன்று வெடித்தபோது மணல் முழுக்க வெளிச்சம் வந்தது, தண்ணீர் ஓரத்தில் இரண்டு பேர் நடந்து போனார்கள், செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு.

"அது நம்ம பாப்பாதானே?"

"இல்லம்மா, யாரோ."

"எனக்கு என் பொண்ணோட நடை தெரியாதா?"

நான் உன்னைக் கூப்பிட வாயெடுத்தேன். நிஜமாகவே திட்டுவதற்குத்தான். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தப் பிடியில் பலமே இல்லை, அதனால்தான் நின்றேன். "கூப்பிடாதே. வந்ததும் ஒண்ணும் கேட்காதே. எனக்குத் தெரியும்னும் சொல்லாதே, அப்புறம் நினைக்கிறப்பெல்லாம் அவளுக்கு இது கூச்சமாப் போயிடும்." அடுத்த வெளிச்சம் வருவதற்காக எம்பிப் பார்த்தாள். அது சிவப்பு, நீங்கள் அதற்குள் படகுகள் பக்கம் போய்விட்டீர்கள். அவள் முகம் எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. கோபம் இல்லை, அது மட்டும் நிச்சயம். முறுக்கு டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்துப் பாதியை எனக்குக் கொடுத்தாள்.

வாணவேடிக்கை முடிந்து புகை மட்டும் நின்றது. எனக்குத் தூக்கம் வருது என்று எழுந்தவள், கதவுகிட்டே போய்த் திரும்பி, கொடியில் கிடந்த துண்டை எடுத்து என் மடியில் போட்டாள்.

"தண்ணில இறங்காம இருக்க மாட்டா. தலையைத் துவட்டச் சொல்லு, சளி பிடிக்கும்."

அக்கா